மதில்மேல் ஈரப் பாய்

எங்கள் ஊர்ப்பக்கம் கறவை மாட்டை யாரும் ஒரே வேளையில் பார்த்துவிட்டு வாங்க மாட்டார்கள். விற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி, சாயங்காலம் போய் நின்று கண்முன்னால் ஒட்டக் கறக்கச் சொல்வார்கள். அந்தப் பாலைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கேயே தங்கி, மறுநாள் காலை கறக்கிற பாலைத்தான் அளந்து பார்ப்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வேளை கறக்காமல் விட்டால் எந்த மாட்டுக்கும் மடி புடைத்து நிற்கும். வருகிறவர் கண்ணுக்குப் பெரிய கறவையாகத் தெரியும். அப்படிக் காட்டுகிறவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. விற்கிறவர் காட்டத்தான் செய்வார், வாங்குகிறவர்தான் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பேசி முடித்த விஷயம்.

பெற்ற பிள்ளையை விடுகிற இடத்தை மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? இதைக் கேட்டதற்காக எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும். அந்தப் பெயரோடுதான் இன்றும் பால் வண்டி போகிற அதே ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறேன், வருகிறேன்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பால் குளிரூட்டும் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. பால் சொசைட்டிகளிலிருந்து வரும் கேன்களில் மாதிரி எடுத்துக் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. கல்யாணத்தோடு அது கைநழுவிப் போய்விட்டது என்று நானே நினைத்திருந்தபோது வந்தது. விட்டுவிட எனக்கு மனமில்லை, விட வேண்டிய அவசியமும் தெரியவில்லை. வீட்டில் கணவர், மாடுகள், தென்னந்தோப்பு. மாமியார் உயிரோடு இல்லை. என் அம்மா பொள்ளாச்சிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கன்வாடியில் மூன்று வயது ஆகட்டும் என்றார்கள்.

ஆக, மகளை ஒரு டே கேரில் சேர்ப்பது என்று முடிவானது. முடிவான நாளிலிருந்து ஊருக்கு என் வீட்டைத் தவிர வேறு பேச்சில்லை. ஊரார் பாலைச் சோதிக்கப் போகிறாளாம், பெற்ற பிள்ளையை யாரோ பார்க்கிறார்களாம் என்று சொசைட்டி வாசலில் என் காது படவே சொன்னார்கள். கணவர் மாடு பார்க்கப் போகும்போது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனால், அப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சியவர்களும் இவர்கள்தான். நான் அழுதுகொண்டே வேலைக்குப் போனால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலை நான் தருவதாக இல்லை.

டே கேர், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஓட்டு வீடு. நடத்தியவரை எல்லோரும் டீச்சர் என்போம். உதவிக்கு ஓர் ஆயா. நான் காலையில் போய்ப் பார்த்தேன். சுவரில் நீல வண்ணம், யானை, அணில். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மலையாளத்தில் ஒரு பாட்டும் தமிழில் ஒரு பாட்டும் பாடினார்கள். கஞ்சியும் பயறும் வெந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னக் கோரைப்பாய் சுருட்டி மூலையில் நின்றது. எல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருந்தன. எங்கும் மூத்திர நாற்றம் இல்லை. அந்த டே கேருக்கு இந்த வட்டாரத்தில் இருந்த நல்ல பெயரே அதுதான். நாற்றமே கிடையாது, பாய் நனையவே நனையாது, நல்ல பழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அம்மாக்கள் அம்மாக்களிடம் சொல்லிச் சொல்லித்தான் அங்கே பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

கேட்டை ஒட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி தழைதழையென்று நின்றது. பங்குனி வெயிலில் எங்கள் தோப்பில் வாழையே வாடிக்கிடந்தது. இந்தச் செடி மட்டும் எப்படி டீச்சர் என்று கேட்டேன். கைராசி என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் ஒருமுறை வந்து பார்க்கலாமா என்றும் கேட்டேன். பிள்ளைகள் தூங்குகிற நேரம், பெற்றவர்கள் வந்தால் ஒன்று விழித்து அழும், அது அழுதால் எல்லாம் அழும், அதனால் யாரையும் விடுவதில்லை என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. இப்போது யாராவது, அன்றைக்கே நீ விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டாமா என்று என் தலையில் குட்ட வந்தால், குட்டுகிற கையைத் தட்டிவிடுவேன். நான் கேட்டேன். மற்றவர்கள் கேட்கக்கூட இல்லை.

ஒன்றில் மட்டும் முதல் நாளே டீச்சரோடு முட்டிக்கொண்டேன். பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் நழுவிவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மா பால் பார்க்கப் போகிறேன், நம் வீட்டு மாடு கறப்பதற்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அவள் கத்தி அழுதாள். ஆனால் அவள் தெரிந்து அழுதாள். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம் என்று அழுவதைவிட அது எவ்வளவோ மேல். கொஞ்ச நாளில் அழுகை நின்று, மாடு கறக்கிறதுக்கு முந்தி என்று அவளே எனக்குச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியது. சாயங்காலம் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டதும் மகள் நேராகச் சமையலறைக்கு ஓடி, சொம்பை இரண்டு கையாலும் பிடித்து மூச்சு வாங்காமல் தண்ணீர் குடிப்பாள். சட்டை முழுக்க நனையும். பாலக்காட்டுச் சூடு அப்படி, யாருக்குத்தான் தாகம் இல்லை என்று நினைத்தேன். காலையில் நான் நிறைத்து அனுப்பும் பாட்டில் தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. பிறகு ஒருநாள் மூத்திரம் போகும்போது எரிகிறது என்று அழுதாள். டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தண்ணீரே கொடுப்பதில்லையா என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பாட்டில் காலியாக வருகிறது டாக்டர் என்றேன். அவர் மருந்தை எழுதிக் கொடுத்தார்.

அன்று கணவர் ஒரு கறவையைப் பார்க்க வேலந்தாவளம் பக்கம் போயிருந்தார். வழக்கம்போலத் தங்கிவிட்டுக் காலையில்தான் வருவார். நான் மாட்டுக் கொட்டகையில் கறந்துகொண்டிருந்தேன். மகள் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கன்று தண்ணீர் வாளியில் வாய் வைத்ததும் வாளியைப் பின்னால் இழுத்துவிட்டாள். அது எட்டிப் போக, இன்னும் இழுத்தாள். பிறகு அதன் கழுத்தை அமுக்கி, விரலை ஆட்டி, அவளுடையதாகவே இல்லாத ஒரு குரலில் சொன்னாள்:

"குடிக்கக் கூடாது. பாய் நனஞ்சிரும். கண்ண மூடிப் படு."

நான் கறப்பதை நிறுத்தினேன். கோபமாகக் கேட்டால் வாயை மூடிக்கொள்வாள் என்று தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"ஏன் அம்மிணி, கன்னுக்குட்டிக்குத் தாகமா இருக்குதல்ல? எப்பத் தண்ணி குடுப்பே?"

"அதோட அம்மா வந்தாத்தான் தண்ணி" என்றாள்.

பதில் சொல்லிவிட்டு அவள் வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். மாடு திரும்பிப் பார்த்தது, மீதிப் பாலைக் கறக்க எனக்குக் கை வரவில்லை. தினமும் மத்தியானம் அந்த வெயிலில், நான் வந்தால் தண்ணீர் கிடைக்கும் என்று என் மகள் படுத்துக் கிடந்திருக்கிறாள். நான் அந்த நேரத்தில் ஊர்ப் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

காலையில் கணவர் புதுக் கறவையை வண்டியிலிருந்து இறக்கும்போதே விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. மகள் மேல் உயிர் அவருக்கு. ஆனால் சண்டை என்றால் ஒதுங்குகிறவர். அந்த இடமே வேண்டாம், வேறு இடம் பார்ப்போம், கேட்கப் போனால் அந்தக் கோபத்தைப் பிள்ளைமேல்தான் காட்டுவார்கள் என்றார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுவார்கள். இப்படிப் பேசிப் பேசித்தான் எல்லா இடமும் இப்படி இருக்கிறது.

"ஏனுங்க, மாட்டுக்கு ராத்திரி தங்கிப் பாத்துட்டு வாரீங்க. புள்ளைக்கு ஒரு மத்தியானம் போய்ப் பாக்கக் கூடாதுங்களா?"

அவர் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு நெடுநேரம் அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்றும் மகளை வழக்கம்போலக் கொண்டுபோய் விட்டேன். கஞ்சி நேரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்த காலை வேளை அதுதான். வேலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பிள்ளைகள் படுத்திருப்பார்கள் என்கிற நேரத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. ஆயா வந்து, சாயங்காலம் வாருங்கள் என்றார். என் மகளை இப்போதே கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்றேன். அதற்கு இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. இதை எல்லாப் பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை அழைத்துப்போக வந்தவளுக்குத் திறக்காத கதவு உண்டென்றால் அங்கே பிள்ளையை விடவே கூடாது.

உள்ளே ஜன்னல் சாத்தி, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாய்கள் வரிசையாக விரித்திருந்தன. சில பிள்ளைகள் தூங்கின. சில கண்ணைத் திறந்துகொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடி உதையைத் தேடிப் போயிருந்தால் ஒன்றும் தெரியாமலேயே திரும்பியிருப்பேன். அலமாரியின் உச்சியில், எந்தப் பிள்ளையின் கையும் எட்டாத உயரத்தில், தண்ணீர் பாட்டில்கள் நின்றன. சிவப்பு, மஞ்சள், பூனை மூடி வைத்தது, என் மகளுடைய பச்சை. எல்லாம் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தன.

இத்தனை தண்ணீரும் சாயங்காலத்துக்குள் எங்கே போகிறது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டை ஒட்டி நின்ற கறிவேப்பிலைச் செடி நினைவுக்கு வந்தது.

மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, தண்ணி என்றாள். நாற்காலியைப் போட்டு ஏறி எல்லாப் பாட்டிலையும் இறக்கினேன். விழித்திருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்துவிட்டன. அவை குடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டீச்சர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். நான் மெதுவாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். தூங்கின பிள்ளைகளும் விழித்துக்கொண்டன.

டீச்சர் அரக்கி இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவரும் கத்தினார், கத்தும்போதே அழுதார்.

"துணி நாறுது, பாய் நாறுதுன்னு சொன்னது நீங்க அம்மாமாருங்கதானே? அதுக்காகப் புள்ளைகளை நிப்பாட்டிட்டும் போனாங்க. இருக்கிறது ஒரு ஆயா. மத்தியானத்துல யாரைக் கழுவி, எந்தப் பாயை அலசறது? பாய் நனையாம இருக்கணும்னா நான் வேற என்ன செய்ய?"

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதில் பாதி வேறு பக்கம் திரும்பியது. எங்கள் எல்லோர் பக்கமும். காய்ந்த பாயைக் கேட்டவர்கள் நாங்கள். அதை எங்கள் பிள்ளைகளின் தொண்டையைக் காயப்போட்டு அவர் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். நம்பிக்கை இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கடைசியாகச் சொன்னார்.

"இல்லீங்க டீச்சர், கூட்டிட்டுப் போக மாட்டேன். இவ இங்கதான் இருப்பா. நான்தான் இனிமே மத்தியானமும் வருவேன்."

அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். குழுவில் ஒரு சத்தம் இல்லை. தனியாகத்தான் செய்திகள் வந்தன. குழுவில் எழுதியதை எடுத்துவிடுங்கள், டீச்சருக்குக் கோபம் வந்தால் நம் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம், வேலைக்குப் போகிற நமக்கு வேறு இடம் ஏது என்று. பயந்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வது, பிள்ளையைப் பணயமாக நாமே ஒப்படைப்பதுதான். இதை அப்படியே திருப்பி எழுதினேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். 

ஒருத்தி மட்டும் போன் செய்தாள். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், கல்லாவில் அவளே உட்காருவாள். அவள் மகனும் என் மகள் வயது. ஆறு மாதமாகப் பிள்ளைக்கு மலம் இறுகி ரத்தம் வருகிறது, என்னென்னவோ வைத்தியம் பார்த்துவிட்டோம் என்று சொல்லி அழுதாள். அழுது முடித்துவிட்டு, நாளைக்கு மத்தியானம் எத்தனை மணிக்கு வரட்டும் அக்கா என்றாள்.

போனோம். இரண்டு பேர் போய் நின்றபோது ஆயா பூட்டைத் திறந்துவிட்டார். மூன்றாவது, நான்காவது அம்மாவும் தயங்கித் தயங்கி வந்தார்கள். டீச்சரோடு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேசினோம். நாற்றம் என்று இனி ஒருவரும் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் பங்கு. மத்தியானத்துக்கு இன்னொரு ஆள் வைப்பது, பாட்டில்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது, கேட் எந்த நேரமும் பெற்றவர்களுக்குத் திறப்பது அவர் பங்கு. இன்னோர் ஆளின் சம்பளத்துக்கு எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத் தருவது என்றானது. அதைக் கேட்டதும் இரண்டு குடும்பம் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, பாய் நனையாத வேறோர் இடத்துக்குப் போனது. போகட்டும். அங்கே பாட்டில்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒன்றும் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. டீச்சர் என்னிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள், பாயை நனைத்தார்கள், வீடு நாறத்தான் செய்தது. அலசின பாய்களைப் போட இடம் போதவில்லை என்று ஆயா சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் கணவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், டே கேரின் மதிலுக்கும் கொய்யா மரத்துக்கும் இழுத்துக் கட்டிவிட்டு வந்தார். சண்டைக்கு வராத மனிதருக்கு அது போதும். கேட்டருகே நின்ற கறிவேப்பிலைச் செடி மட்டும் அந்த வெயிலில் இலை உதிர்த்து மொட்டையாகிவிட்டது.

இப்போது மகளுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடம். சென்ற வாரம் ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, டே கேருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தியதும் என்னிடம் வந்தாள். உள்ளே போகலாமா வேண்டாமா என்கிற தயக்கம் முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, உங்க புள்ள இங்கயா இருக்குது? மதிலு மேல பாருங்க, பூராவும் நனஞ்ச பாய். இங்க வரைக்கும் நாறுது. புள்ளைகளை நல்லாப் பாத்துக்கறாங்களா?"

"அந்தப் பாயைப் பாத்துத்தாங்க நான் தைரியமா உட்டுட்டுப் போறேன்" என்றேன். "இப்ப வாசல்ல நின்னு பாத்துட்டீங்க. மத்தியானமும் வந்து பாருங்க. கேட்டு தொறந்துதான் இருக்கும்."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் மதிலைப் பார்த்தேன். கயிற்றிலும் மதில்மேலும் வரிசையாகத் தொங்கிய பாய்களில் ஓரத்தில் பச்சைத் துணி வைத்துத் தைத்தது என் மகளுடையது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.